மூன்று மாதச் சீனிக் கணக்கு

"நாளைக்கு இரத்தம் எடுக்கவேணும், அதனால் இன்றைக்குச் சோறு தொடவில்லை டொக்டர்" என்று சொல்லும் எம்மவர்கள் அநேகர். சிலர் ஒரு கிழமைக்கு இனிப்பை ஒதுக்கி, காலையும் மாலையும் நடந்துவிட்டு வருவார்கள். வெறும் வயிற்றில் பார்க்கும் சீனி அளவு இதனால் கொஞ்சம் இறங்கக்கூடும். ஆனால் எச்பிஏ1சி என்ற சோதனையில் இந்த வித்தை பலிக்காது. ஏன் என்று விளங்க, ஒரு செங்குருதிக் கலத்தின் வாழ்க்கையைப் பார்க்கவேண்டும்.

எமது என்புமச்சையில் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 20 இலட்சம் செங்குருதிக் கலங்கள் உருவாகின்றன. முதிர்ந்த கலத்துக்குக் கரு கிடையாது. ஆகவே அதனால் புதிதாகப் புரதம் செய்ய முடியாது. கொண்டுவந்த ஈமோகுளோபினுடன் சுமார் 120 நாட்கள் ஓடித்திரிந்து, பின்னர் மண்ணீரலிலும் ஈரலிலும் அழிந்துபோகும்.

சாப்பிட்டபின் தசைக் கலங்களுக்குள் குளுக்கோசு போவதற்கு இன்சுலின் வந்து கதவைத் திறக்கவேண்டும். செங்குருதிக் கலத்துக்கு அந்தக் காவல் இல்லை. இரத்தத்தில் சீனி கூடினால் உள்ளேயும் கூடும். அது மெல்ல மெல்ல ஈமோகுளோபினில் ஒட்டும். ஒட்டியது கலம் அழியும்வரை அங்கேயே இருக்கும். ஈமோகுளோபினில் எத்தனை வீதம் இப்படிச் சீனி ஒட்டியுள்ளது என்பதே எச்பிஏ1சி. இரண்டு மூன்று மாத வரலாறு அதில் பதிந்திருக்கிறது. கடைசி மாதத்தின் பங்கு ஏறத்தாழப் பாதி.

நீரிழிவுள்ளவர்களின் ஈமோகுளோபினில் உள்ள இந்த வித்தியாசத்தை 1960களின் இறுதியில் தெஹ்ரானில் கவனித்தவர் சாமுவேல் ரஹ்பர் என்ற மருத்துவர். 1990களில் நான் ஊரில் வேலை செய்தபோது இந்தச் சோதனை எங்கள் கைக்கு எட்டவில்லை. சிறுநீரைப் பெனடிக்ற் கரைசலுடன் சூடாக்கி, நீலம் செங்கல் நிறமாகிறதா என்று பார்த்தே மருந்து கொடுத்தோம்.

கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய குருதிக் குழாய்க் கலங்களுக்கும், நரம்புகளுக்கும் இன்சுலின் காவல் இல்லை. செங்குருதிக் கலத்தில் நடப்பது அங்கேயும் நடக்கிறது. செங்குருதிக் கலமாவது நாலு மாதத்தில் புதிதாகிவிடும், விழித்திரை அப்படியல்ல. நோவும் இராது, பார்வையும் நெடுநாள் தெளிவாகவே இருக்கும். "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று குளிசையை நிறுத்துபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பிரித்தானியாவில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வொன்றின் 2000ஆம் ஆண்டு அறிக்கையின்படி, எச்பிஏ1சி 1 வீதம் குறைவாக இருந்தவர்களுக்கு இந்த நுண்குழாய்ப் பாதிப்புகளின் ஆபத்து 37 வீதம் குறைவாக இருந்தது.

இந்தச் சோதனையும் சிலவேளை பிழையாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாக வரலாம். மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகும் பெண்களும், மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். மறுபுறம், அண்மையில் இரத்தம் ஏற்றியவர்களுக்கும், செங்குருதிக் கலங்கள் சீக்கிரம் அழியும் நோயுள்ளவர்களுக்கும் அது பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும். குடும்பத்தில் தலசீமியா இருந்தால் அதையும் உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், பத்து நிமிடச் சந்திப்பில் எல்லாவற்றையும் கேட்க எங்களுக்கு வாய்ப்பதில்லை.

இன்னொன்று. எம்மவர்கள் தொலைபேசியில் சீனி அளவை ஒப்பிடுவது வழக்கம். கனடாவில் வீதத்தில் தருவார்கள். பிரித்தானியாவில் மில்லிமோல் கணக்கு. ரொறன்ரோவில் தம்பிக்கு 7, லண்டனில் அக்காவுக்கு 53 என்றால் இரண்டும் ஒரே அளவுதான். அக்கா பயப்படத் தேவையில்லை, தம்பி பகிடி பண்ணவும் தேவையில்லை. பொதுவாக 6.5 வீதம், அதாவது 48 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு என்று கொள்வோம். அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு தடவை சோதித்து உறுதிசெய்வோம்.