பனிச்சறுக்கும் பாதுகாப்பும்

இமயமலைப் பகுதிகளில் குளிர்காலம் பெரும்பாலும் வருவாய் குன்றிய பருவமாகவே இருந்து வந்துள்ளது. பனிச்சறுக்கு விளையாட்டு இந்நிலையை ஓரளவு மாற்றியுள்ளது. காஷ்மீரின் குல்மார்க்கில் விடுதி நடத்துவோர், வழிகாட்டிகள், சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடுவோர் எனப் பலர் இதனால் பிழைக்கின்றனர். எனவே, பாதுகாப்பு என்பது விளையாடுவோரின் சொந்த அக்கறை மட்டுமன்று. வட்டாரப் பொருளாதாரத்தின் தேவையும் ஆகும்.

உயரத்தின் விளைவு

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து செல்லும் கம்பிவட ஊர்தியின் முதற் கட்டம் 1998-லும், அஃபர்வாட் மலையில் சுமார் 3,950 மீட்டர் வரை செல்லும் இரண்டாம் கட்டம் 2005-லும் தொடங்கப்பெற்றன. குறுகிய நேரத்தில் இவ்வளவு உயரம் செல்லும்போது உடல் அதற்கு இசைவதில்லை. முதல் ஓரிரு நாட்களைத் தாழ்ந்த சரிவுகளில் கழிப்பது நலம். தலைவலி, குமட்டல் தோன்றினால் மேலே செல்லாது கீழே இறங்கிவிட வேண்டும்.

சரிவில் ஒழுங்கு

சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967-இல் 10 நடத்தை விதிகளை ஏற்றது. இவை இரட்டைப் பலகையில் செல்வோருக்கும் ஒற்றைப் பலகையில் செல்வோருக்கும் பொதுவானவை. கீழே செல்பவருக்கே முன்னுரிமை. பின்னால் வருபவரே விலகிச் செல்லக் கடமைப்பட்டவர். தம் திறனுக்கும் பனியின் தன்மைக்கும் ஏற்ற வேகமே தகும். குறுகிய இடத்திலோ, மேலிருந்து வருவோர் காண இயலாத இடத்திலோ நிற்கலாகாது. தலைக்கவசமும், விழும்போது காலணியைத் தானே விடுவிக்குமாறு சரியாக அமைக்கப்பட்ட பலகைப் பிணைப்பும் காயங்களைக் குறைக்கின்றன.

பனிச்சரிவு

ஒதுக்கப்பட்ட பாதைகளுக்கு அப்பால் பேராபத்து பனிச்சரிவே. 30 முதல் 45 பாகை வரை சாய்வுள்ள இடங்களில், புதுப் பனி பொழிந்த பின்னரும் பலத்த காற்று பனியைக் குவித்த பின்னரும் இது மிகுதியாக நிகழ்கிறது. 2010 பிப்ரவரியில் குல்மார்க் அருகே பயிற்சியிலிருந்த இராணுவத்தினர் 17 பேர் இதில் மாண்டனர். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாட்டில் போலந்து நாட்டினர் இருவர் உயிரிழந்தனர். அனுபவம் மட்டுமே காப்பாகாது என்பதை இவை உணர்த்துகின்றன.

புதையுண்டவரை ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குள் மீட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அரை மணி கடந்தால் அது வெகுவாகக் குறைகிறது. வெளியிலிருந்து மீட்புக் குழு வந்து சேர்வதற்குள் இக்காலம் கழிந்துவிடக்கூடும். ஆதலால், உடன் செல்வோரே முதல் மீட்பாளர். குழுவில் ஒவ்வொருவரிடமும் இருப்பிடம் அறிவிக்கும் அலைபரப்பிக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். இவற்றைக் கையாளும் பயிற்சியும் வேண்டும்.

தேவையான பணி

பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ் இயங்கும் அமைப்பு பனிச்சரிவு முன்னறிவிப்புகளை வழங்கி வருகிறது. அந்த எச்சரிக்கை கம்பிவட நிலையத்திலும் விடுதிகளிலும் அன்றாடம் உள்ளூர் மொழியிலும் அறிவிக்கப்பட வேண்டும். மீட்புக் கருவிகள் எளிய வாடகையில் கிடைக்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டிகளுக்கு முறையான மீட்புப் பயிற்சியும் காப்பீடும் அளிக்கப்பட வேண்டும். பிறர் பத்திரமாகத் திரும்ப வழிகாட்டுபவரின் குடும்பமும் பாதுகாக்கப்படுவதே நியாயமான வளர்ச்சியாகும்.