பட்டப் படிப்பும் பாஸ் புத்தகமும்

சென்ற மாதம் ஆலங்குடி வட்டத்தில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். பூச்சாகுபடி செய்யும் அங்கத்தினர் ஒருவர் தம் மனைவியாரின் கழுத்துச் சங்கிலியைக் காகிதத்தில் மடித்துக் கொணர்ந்து நகைக் கடன் கேட்டார். காரணம் வினவினேன். அவருடைய மகள் கல்லூரியில் இரண்டாண்டு படித்து, எழுதிய தாள்கள் அனைத்திலும் தேறி, குடும்பக் கஷ்டத்தால் இடையில் நின்றுவிட்டாள். இப்பொழுது வெளியூர்த் தரகர் ஒருவர், பெருந்தொகை கொடுத்தால் புதிதாகவே ஒரு பட்டத்தை ஓராண்டில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"ரெண்டு வருஷப் படிப்பு வீணாப் போச்சுங்களே ஐயா" என்றார் அவர்.

படிப்பு வீணாகவில்லை, வீணாக இருந்தது சங்கிலிதான். அன்று அவருக்குச் சொன்னதை மற்ற அங்கத்தினர்களுக்கும் பயன்படுமென்று கருதி இங்கே எழுதுகிறேன்.

கிரெடிட் என்பது யாது?

கிரெடிட் என்ற சொல் கூட்டுறவாளருக்குப் புதிதன்று. பாஸ் புத்தகத்தில் வரவு வைக்கப்படும் தொகையே அது. கல்வியிலும் அவ்வாறே. மாணவர் ஒரு பாடத்தில் தேறியவுடன் அப்பாடத்திற்குரிய கிரெடிட் அவர் கணக்கில் வரவாகிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாணவரின் 30 மணி நேர உழைப்பை ஒரு கிரெடிட்டாகக் கணக்கிடுகிறது. வேண்டிய அளவு சேர்ந்ததும் பட்டம் கிடைக்கிறது. இங்கிலாந்தில் 1969இல் நிறுவப்பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வேலை செய்துகொண்டே படிப்போர்க்கு இம்முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது.

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கல்வி கிரெடிட் வங்கியை ஏற்படுத்தியது. அதில் சேர்ந்த கல்லூரிகளின் மாணவர் கணக்குத் தொடங்கினால், கல்லூரி அனுப்பும் கிரெடிட்டுகள் அதில் பதிவாகின்றன. இவை அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் செல்லும். எனினும் ஒரு நிபந்தனையை மறத்தலாகாது. பட்டம் வழங்கும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதி கிரெடிட்டுகளை ஈட்டியிருத்தல் வேண்டும். அன்றியும், வேறிடத்தில் படித்த பாடம் தன் பாடத்திட்டத்தோடு ஒத்துள்ளதா என்பதைப் புதிய பல்கலைக்கழகமே தீர்மானிக்கும்.

ஆகவே நம் அங்கத்தினரின் மகள் வேறு பல்கலைக்கழகத்திற்குச் சென்றால், மூன்றில் இரண்டு பங்கு படிப்பை முடித்திருந்தும் பாதிக்கு மேல் மாற்ற இயலாது. தாம் படித்த கல்லூரிக்கே திரும்பினாலோ, முழு வரவும் நிற்கும். இடையில் நின்றவர் முதலில் தட்ட வேண்டிய கதவு பழைய கல்லூரியின் கதவே. அங்கே காலவரம்பு கடந்திருந்தால் மட்டுமே அடுத்த வழியை நாடுக.

சிக்கனமான வழிகள்

முதலாவது, பாலிடெக்னிக் வழி. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமா முடித்தவர் பொறியியற் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மேல்நிலைப் பள்ளி இரண்டாண்டும் கல்லூரி நான்காண்டும் ஆறாண்டு. இவ்வழியிலும் மூன்றும் மூன்றும் ஆறாண்டே. ஆயின் நடுவில் பணமுடை நேர்ந்தால், டிப்ளமாக்காரர் கையில் தொழிலுக்குரிய சான்று இருக்கும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சேலத்தில் 1960இல் தொடங்கப்பெற்ற இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இவ்வகையில் ஏற்றது.

இரண்டாவது, திறந்தநிலை வழி. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் ஏற்பட்டது. தறியையும் தோட்டத்தையும் விடாமல் படிக்க இது உதவும். 2016 ஆகஸ்டு 7ஆம் நாள், தேசியக் கைத்தறி நாளன்று, மத்திய ஜவுளி அமைச்சகம் இந்திரா காந்தி பல்கலைக்கழகத்துடனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்துடனும் ஓர் ஒப்பந்தம் செய்தது. நெசவாளர் குடும்பத்துப் பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோர் ஆகியோர்க்குக் கட்டணத்தில் 75 சதவிகிதத்தை அரசு ஏற்பது அத்திட்டம். இவ்வாண்டு விதிகளை நெசவாளர் சேவை மையத்தில் கேட்டறிந்து, சங்கக் காரியதரிசிகள் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவார்களாக.

மூன்றாவது, இணைய வழி. 2017இல் தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். தேர்வுக்கு மட்டும் கட்டணம். கல்லூரி இசைந்தால் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவிகிதம் வரை இவ்வாறு பயில விதி இடம் தருகிறது. இசைவை முன்னதாக எழுத்தில் பெறுதல் அவசியம். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப் படிப்பில் படிப்படியாகச் சான்று பெற்று நிற்கவும், வருமானத்திற்கேற்ப 75 சதவிகிதம் வரை கட்டணச் சலுகை பெறவும் வழியுண்டு.

எச்சரிக்கைகள்

மலிவு என்று கருதி மோசம் போகலாகாது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறாமல் திறந்தநிலையில் நேரே பெற்ற பட்டம் அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படுவதில்லை. 2009இல் பிறந்த அரசாணை இதனைத் தெளிவாக்கியது. ஆதலின் பள்ளியை இடையில் விட்டவர் தனித்தேர்வராகவேனும் அவற்றை எழுதி முடித்த பின்னரே பட்டப் படிப்பில் சேர்க.

பொறியியல், மருத்துவம், செவிலியம், வேளாண்மை முதலிய பட்டங்களைத் தொலைநிலையில் நடத்த அனுமதியில்லை. "வேளாண்மைப் பட்டம் வீட்டிலிருந்தே" என்று எவரேனும் விவசாயி வீட்டுக்கு வந்து கூறினால், அவரைத் திண்ணையிலிருந்தே திருப்பி அனுப்புக. மற்றப் படிப்புகளுக்கும் அந்நிறுவனத்திற்கு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அவ்வாண்டுக்கு அங்கீகாரம் அளித்துள்ளதா என்று பார்த்த பின்னரே பணம் செலுத்துக. ஓராண்டில் மூன்றாண்டுப் பட்டம் என்பது எந்தப் பல்கலைக்கழக விதியிலும் இல்லை.

மேலும், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் நேரில் சென்று பயிலும் மாணவர்க்கு உரியது. அஞ்சல் வழியே மலிவு என்று முடிவு செய்யுமுன் இதனையும் கூட்டிக் கழித்துப் பார்த்தல் நன்று.

1991இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்லுடைக்கும் பெண்களும் கையெழுத்துப் போடவும் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் கல்லூரி வாயிலில் நிற்கும் காலம் இது. வழி தெரியாமையால் அவர்கள் திரும்பிவிடலாகாது.

ஆலங்குடி அங்கத்தினர் அன்று கடன் வாங்கவில்லை. மகள் பழைய கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதினாள். பாடத்திட்டம் மாறியதால் ஒரு தாளைக் கூடுதலாக எழுத வேண்டும். வரும் ஆண்டில் மூன்றாம் ஆண்டு வகுப்பில் சேரலாம் என்று பதில் வந்திருக்கிறது. சங்கிலி வீட்டில் இருக்கிறது.