பேண்ட்சோ கோணலாக அரிகிறதா? புதிய பிளேட் வாங்குமுன் சற்றுப் பொறுங்கள்

வீட்டோடு சேர்ந்த பட்டறையில் தளபாடம் செய்யும் ஓடாவிமாருக்கு பேண்ட்சோ ஒரு சிக்கனமான இயந்திரம். வட்டவாள் ஒருமுறை அரியும்போது சுமார் 3 மில்லிமீற்றர் மரத்தைத் தூளாக்கிவிடுகின்றது. பேண்ட்சோவோ சுமார் 1 மில்லிமீற்றரை மட்டுமே எடுக்கின்றது. ஒரு தேக்குக் கட்டையைப் பத்துத் தடவை பிளந்தால் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் மரம் மிச்சமாகும். மரக்காலையில் இன்று தேக்கு, பலா விற்கும் விலையில் இது சிறிய தொகையல்ல.

ஆனால் பிளேட் கோணலாக ஓடினால் இந்த மிச்சம் முழுவதும் சீவுளியில் போய்விடும். அநேகர் உடனே பிளேட்டைக் குறைகூறி வேறொன்று வாங்குகின்றனர். பெரும்பாலும் குறை பிளேட்டில் இல்லை, அதனை மாட்டிய ஒழுங்கிலேயே இருக்கின்றது.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். மேசைக்கு மேலும் கீழும் உள்ள வழிகாட்டிகள் (கைடுகள்) அனைத்தையும் பிளேட்டிலிருந்து விலக்கி வையுங்கள். இதைச் செய்யாமல் மற்றவற்றைச் சரிசெய்ய முனைவதுதான் அதிகமாக நடக்கும் தவறு. வழிகாட்டி பிளேட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது அது இயல்பாக எங்கே ஓடுகின்றது என்பது தெரியவராது. அடுத்து பிளேட்டை இறுக்கி, மேல் சில்லைக் கையால் சுழற்றுங்கள். சில்லின் பின்னாலுள்ள திருகியைச் சிறிது சிறிதாகத் திருப்பினால் பிளேட் முன்னும் பின்னும் நகரும். அது ரயரின் நடுவில் நிலைத்து ஓட வேண்டும். இறுக்கம் மாறினால் இந்த ஓட்டமும் மாறும். ஆகவே இறுக்கமே முதலில், ஓட்டம் அதன் பிறகு.

கடைசியில்தான் வழிகாட்டிகள். பக்க வழிகாட்டிக்கும் பிளேட்டுக்கும் இடையில் ஒரு கடதாசித் தாள் நுழையும் இடைவெளி போதும். அவை பல்லைத் தொடக்கூடாது. இரும்புக் கட்டையில் பல் உரசினால் சில விநாடிகளில் பிளேட் வீணாகிவிடும். பின்னாலுள்ள பெயாரிங் வெறுமனே ஓடும்போது சுழலக்கூடாது. மரத்தைத் தள்ளும்போது மட்டும் சுழல வேண்டும்.

இவ்வளவும் செய்தும் சற்று இழுக்கின்றதா? ஒரு பலகையில் நேர்கோடு வரைந்து, சட்டத்தின் துணையின்றிக் கோட்டின் வழியே கையால் அரியுங்கள். பாதியில் இயந்திரத்தை நிறுத்தினால் பலகை ஏதோ ஒரு கோணத்தில் நிற்கும். ஓரச்சட்டத்தையும் அதே கோணத்தில் பூட்டிவிடுங்கள்.

பிளேட் தெரிவும் முக்கியம். தடித்த கட்டையைப் பிளக்க அங்குலத்துக்கு 3 பல் கொண்ட அகன்ற பிளேட் தேவை. நெருக்கமான பல் இருந்தால் தூள் வெளியேற வழியின்றி பிளேட் சூடேறி வளையும். கதிரைக் கால் போன்ற வளைவுகளுக்கு கால் அங்குல பிளேட் பொருத்தமானது. பல்லில் பிசின் படிந்திருந்தால் பிளேட்டைக் கழற்றி மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கலாம். கூர் போய்விட்டதென்று எறியப்படும் பிளேட்டுகளில் சில வெறும் பிசின் பிடித்தவைதான்.

ரயரில் ஒட்டிய தூளை வாரம் ஒருமுறை சுரண்டி எடுங்கள். நீண்ட நேரம் வேலை இல்லையென்றால் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் ரயரில் பள்ளம் விழும். மேல் வழிகாட்டியை மரத்துக்குக் கால் அங்குலம் மேலே வைத்தால் அரிவும் நேராகும், விரலும் தப்பும். வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் மரத்தூள் அறைகளுக்குள் பரவாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். நீண்டகாலம் சுவாசித்தால் மூக்கில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களில் மரத்தூளும் ஒன்று.

பழைய இயந்திரம் வாங்கச் செல்பவர்கள் பெயின்ற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். மேல் சில்லைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ரயரில் வெடிப்பு உண்டா என்று தடவிப் பாருங்கள். ரயரும் பெயாரிங்கும் மாற்றக்கூடியவை, அவற்றுக்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம். சட்டகம் முறுக்கியிருந்தாலோ வெடித்திருந்தாலோ எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட்டு வாருங்கள்.