மண்ணுக்குத் திரும்பும் வாயு

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரபு நாட்டுச் சம்பாத்தியத்தில் வாழும் இல்லங்கள் உண்டு. "அத்தா எண்ணெய்க் கம்பெனியில் இருக்கிறார்" என்று சொல்லும் பிள்ளையிடம், எண்ணெய் எவ்வாறு மேலே வருகிறது எனக் கேட்டுப் பாருங்கள். கிணற்றில் நீர் இறைப்பதைப் போல என்று சொல்லக்கூடும். பெரியவர்களின் விடையும் அநேகமாக அதுதான்!

மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை பெய்தால் நம் கண்மாய்கள் நிறையும். தோட்டக் கிணறுகள் ஊறும். எண்ணெய்க் கிணற்றுக்கு அத்தகைய மழை இல்லை. பாறையின் நுண்துளைகளில் அடைபட்டிருக்கும் எண்ணெயை மேலே தள்ளுவது நிலத்தடி அழுத்தமே. அவ்வழுத்தத்தால் இயற்கை வாயுவும் எண்ணெயிலேயே கரைந்து கிடக்கிறது.

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலியைத் தட்டியதும் சீறிப் பொங்கும். திறந்தே வைத்தால் வாயு போய்விடும். நீர் மட்டும் சப்பென்று தங்கிவிடும். எண்ணெய் வயலின் கதையும் இதுவே. அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் வாயு பிரிந்து முந்தி ஓடிவிடும். எண்ணெய் தடித்துப் பாறையிலேயே தங்கும். கரைந்த வாயுவின் விசையை மட்டுமே நம்பினால், நூறு பீப்பாயில் முப்பது கிடைப்பதே அரிது.

இந்த வாயுவைத்தான் ஒரு காலத்தில் பாலைவனத்தில் இரவுபகலாகக் கொளுத்தினார்கள். எண்ணெயைத் தூக்கும் வலிமையையே எரித்தார்கள் என்றால் மிகையாகாது.

சவூதி அரேபியாவின் அப்கைக் வயலிலோ 1954ஆம் ஆண்டிலேயே அதனை மண்ணுக்குள் திருப்பி அனுப்பத் தொடங்கினர். பிரித்த வாயுவை இயந்திரங்களால் இறுக்கி, வயலின் உச்சிப் பகுதியில் செலுத்துவார்கள். கார் டயரிலுள்ள காற்றைப் போல் நூறு மடங்கு அழுத்தம் தேவைப்படும் வயல்களும் உண்டு. வாயு மேலிருந்து அழுத்த, எண்ணெய் கீழிறங்கிக் கிணறுகளை நோக்கி நகரும். இதில் அவசரம் கூடாது. வாயு இலேசானது, விரைந்து செலுத்தினால் எண்ணெயைத் தள்ளாமல் அதனைக் கடந்து கிணற்றை அடைந்துவிடும். பிறகு அந்தக் கிணற்றில் வாயுதான் வரும்!

வாயுதான் வேண்டுமென்பதில்லை. சவூதியின் கவார் வயலில் கடல்நீரையும், நம் மும்பை ஹையில் 1984 முதல் நீரையும் செலுத்தி அழுத்தத்தைக் காத்து வருகின்றனர். எதுவாயினும், அழுத்தம் காக்கப்படும் வரையே வயலுக்கு ஆயுள். அங்கே உழைப்போரின் வேலைக்கும் அவ்வளவே.

இயற்கை வாயுவுக்கு இன்று விலையும் தேவையும் மிகுதி. மின்சாரத்துக்கும், கடல்நீரைக் குடிநீராக்கவும் அது வேண்டும். ஆகவே அபூதாபியில் 2016 முதல், உருக்காலையில் வெளியாகும் கரியமில வாயுவைப் பிடித்து, குழாய் வழியே கொண்டுசென்று ருமைதா, பாப் வயல்களுக்குள் செலுத்துகின்றனர். ஆண்டுக்கு 8 இலட்சம் டன் வரை அவ்வாறு அனுப்ப வசதியுண்டு. அந்த அளவுக்கு இயற்கை வாயு மின் நிலையங்களுக்கு மிஞ்சுகிறது.