எத்தனை சி.சி. நமக்குப் போதும்?



பிள்ளை ஆயர் குரோவிலோ பத்து பெரண்டாமிலோ தொழிற்சாலை வேலைக்குப் போகத் தொடங்கியதும், "பழைய மோட்டாரைக் கொடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்குவோம்" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. எத்தனை சி.சி. வாங்குவது என்பதை இன்று ஆராய்வோம்.

சி.சி. என்பது கன சென்டிமீட்டர். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் அளவு அது. பெரிய பானையில் அதிகச் சோறு வேகும். ஆனால் அரிசியும் விறகும் அதிகம் வேண்டும். இயந்திரமும் அப்படித்தான். முன்பு தோட்டத்துச் செம்மண் சாலைகளில் ஓடிய ஹோண்டா சி70-இன் இயந்திரம் 72 சி.சி.தான். சந்தைக்கும் பள்ளிக்கும் அது போதுமானதாக இருந்தது.

அப்படியானால் எப்போது மாற்றலாம்? மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலாவது, எந்தச் சாலை? தோட்டத்துக்குள்ளும் பக்கத்துப் பட்டணத்துக்கும் மட்டுமே போகிறவருக்கு 100 அல்லது 110 சி.சி. தாராளம். ஜாசினிலிருந்தோ அலோர் காஜாவிலிருந்தோ நாள்தோறும் நெடுஞ்சாலையில் லாரிகளோடு ஓடுகிறவருக்கு 125 முதல் 150 சி.சி. உதவும். மேட்டில் இயந்திரம் திணறாது.

இரண்டாவது, எவ்வளவு பாரம்? பின்னால் ஒருவர் தினமும் அமர்ந்து வருவாரானால், சிறிய இயந்திரத்தை எந்நேரமும் முழுவிசையில் முறுக்க வேண்டிவரும். அதனால் அது சீக்கிரம் தேயும்.

மூன்றாவது, மாதச் செலவு எவ்வளவு? தவணைப் பணம் மட்டும் கணக்கல்ல. 150 சி.சி.யைத் தாண்டினால் சாலை வரி ஏறுகிறது, சி.சி. கூடக் கூடக் காப்புறுதியும் ஏறும். டயர், சங்கிலி, பெட்ரோல் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 250 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை பி2 உரிமத்தோடு ஓட்டவும் முடியாது. 100 சி.சி. வண்டி சுமார் 100 கிலோ எடை, 250 சி.சி. வண்டியோ பெரும்பாலும் 150 கிலோவுக்கு மேல். ஈரச் செம்மண்ணில் அது சரிந்தால் தாங்கிப் பிடிப்பது எளிதன்று.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டி பிரேக் பிடித்த பிறகு ஓடி நிற்கும் தூரத்தைவிட, 90-இல் ஓடும் வண்டிக்கு இரண்டே கால் மடங்கு தூரம் தேவை. வேகம் ஒன்றரை மடங்குதான். தூரமோ அதைவிட அதிகம். மழைச் சாலையில் இன்னும் கூடும். ஆகவே சி.சி.யைப் பார்ப்பதற்கு முன் பிரேக்கையும் டயரையும் பார்க்க வேண்டும். சிரிம் முத்திரையுள்ள தலைக்கவசத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

நம் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு 110 முதல் 150 சி.சி.க்குள் தேவை அடங்கிவிடும். அண்டை வீட்டார் எதை வாங்கினார்கள் என்று பார்க்காமல், நம் சாலை எது, நம் சம்பளம் எவ்வளவு என்று பார்த்து வாங்குவோம். வேலைக்குப் போன பிள்ளை மாலையில் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். அதற்காகத்தானே மோட்டார் வாங்குகிறோம்.