தம்பி ஏன் காதைப் பொத்திக்கொள்கிறான்?

குட்டீஸ்! நாளைக்குத் தீம் பார்க் போகிறோம் என்று அப்பா சொன்னால் ராத்திரி தூக்கம் வருமா? மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உடனே ஞாபகம் வருவது திண்டுக்கல் சாலையில், பரவை அருகே உள்ள 'அதிசயம்'தானே!

ஆனால், எல்லாரும் குஷியாக ஓடும்போது ஒரு பொடியன் மட்டும் வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு அழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? "என்னா அடம் பிடிக்கிறான் பாரு" என்று பக்கத்தில் யாராவது முணுமுணுப்பார்கள். அது அடம் இல்லை.

ஒரு நிமிடம் படிப்பதை நிறுத்துங்கள். மின்விசிறிச் சத்தம் கேட்கிறதா? சட்டைக் காலர் கழுத்தில் உரசுவது தெரிகிறதா? இவ்வளவு நேரமும் அவை இருந்தன. 'இது முக்கியமில்லை' என்று உங்கள் மூளை சல்லடை போட்டுத் தள்ளிவிட்டது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கும், ஆட்டிசம் இல்லாத சிலருக்கும் இந்தச் சல்லடை வேறு மாதிரி வேலை செய்கிறது. ஸ்பீக்கர் பாட்டு, விசில், குளோரின் வாடை, உடம்போடு ஒட்டும் ஈரத்துணி, காலைச் சுடும் சிமெண்ட் தரை... எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் வந்து மோதினால் எப்படி இருக்கும்? வேடிக்கை என்னவென்றால், ஹாரன் சத்தத்துக்கு நடுங்குகிற அதே பையன் ராட்டினத்தில் எத்தனை சுற்று சுற்றினாலும் 'இன்னும், இன்னும்' என்பான்!

அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்று ஒரு பெண் விஞ்ஞானி. 1947-இல் பிறந்தவர். ஆட்டிசம் உள்ளவர். சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூட மணிச் சத்தமே அவருக்கு வலியாக இருந்தது. யாராவது கட்டிப்பிடித்தாலும் தாங்காது. அத்தையின் பண்ணையில், தடுப்பூசி போடும்போது மாடுகளை இரண்டு பக்கமும் பலகையால் இதமாக அழுத்திப் பிடிப்பதையும், அவை அமைதியாவதையும் கவனித்தார். தனக்கும் அதே போல ஒரு 'அணைக்கும் இயந்திரம்' செய்துகொண்டார்! பிறகு கால்நடைத் துறையில் பேராசிரியரானார்.

இப்படிப்பட்ட குழந்தைகளையும் மனதில் வைத்து, டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் 2010-இல் 'மோர்கன்ஸ் ஒண்டர்லேண்ட்' என்ற பூங்காவைத் திறந்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே டிக்கெட் கிடையாது.

டெக்சாஸ் வரை போக வேண்டாம். உங்கள் தம்பியோ, தங்கையோ, பக்கத்து வீட்டு நண்பனோ இப்படி இருந்தால் நீங்களே நிறைய செய்யலாம். முதல் நாளே பூங்காவின் படங்களைக் காட்டுங்கள். முதலில் டிக்கெட், அப்புறம் உடை மாற்றுவது, அப்புறம் தண்ணீர் என்று வரிசையாகப் படம் வரைந்து கையில் கொடுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பண்டிகை நாளை விட்டுவிட்டு, கூட்டமில்லாத நாளில் கதவு திறந்ததும் போகச் சொல்லுங்கள். டிரில்லிங் மெஷின் பிடிப்பவர்கள் மாட்டுகிற காதுக்கவசம் ஒன்று இருந்தால் நல்லது. வீட்டிலேயே மாட்டிப் பழகட்டும். உள்ளே போனதும் ராட்டினத்தைத் தேடாதீர்கள். அமைதியான ஒரு மர நிழலைத் தேடி வையுங்கள். 'போதும்' என்பதற்கு ஒரு கை ஜாடையும் பேசி வையுங்கள்.

அப்படியும் அழுதுவிட்டானா? சுற்றி நின்று கேள்வி கேட்காதீர்கள். திடீரென்று தொடாதீர்கள். 'பயந்தாங்கொள்ளி' என்று ஒருவரும் சொல்லக் கூடாது! பெரியவர் ஒருவரோடு அந்த நிழலுக்கு அழைத்துப் போய், பேசாமல் காத்திருங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கும் இதே கதைதான். அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகைக் கரையில் லட்சக்கணக்கில் கூட்டம். மேலெல்லாம் தண்ணீர் பீய்ச்சுவார்கள். அங்கே நெருக்கியடிப்பதற்குப் பதிலாக, அழகர் வரும் தெருவில் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடி கிடைத்தால் அவனும் நிம்மதியாகப் பார்ப்பான்.

சரி, தம்பிக்காக நீங்கள் பாதியிலேயே வீடு திரும்ப வேண்டுமா? பல வீடுகளில் அண்ணன், அக்காவுக்கு இந்த வருத்தம் உண்டு, அது நியாயமானதுதான். கிளம்பும் முன்பே அம்மா, அப்பாவிடம் கேட்டுவிடுங்கள்: அவன் வெளியே வந்தால் அவனோடு யார், உங்களோடு தண்ணீரில் யார் என்று!