ஓசிடி: பக்தியா, நோயா? நம்பிக்கையை விடாமல் சிகிச்சை எடுக்க முடியுமா?

'அவனுக்கு ஓசிடிப்பா, எல்லாம் நீட்டா இருக்கணும்' என்று கிண்டலடிப்பது இப்போது சகஜம். ஆனால் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் விளையாட்டான விஷயம் இல்லை. வேண்டாம் என்று தள்ளினாலும் ஒரு எண்ணம் திரும்பத் திரும்ப வந்து பயமுறுத்தும். அந்தப் பயத்தைத் தணிக்க ஒரே செயலைச் செய்துகொண்டே இருக்கத் தோன்றும். 100 பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு வாழ்நாளில் இது வரக்கூடும்.

மதத்துக்கு மதம் மாறுமா?

நோய் ஒன்றுதான். அது போட்டுக்கொள்ளும் சட்டைதான் மாறுகிறது. இந்துக் குடும்பத்தில் அது தீட்டு பயமாகவோ, சாமி கும்பிடும்போது வரும் அசிங்கமான எண்ணமாகவோ இருக்கலாம். முஸ்லிம்களிடம் 'ஒளு சரியாச் செஞ்சேனா?' என்ற தீராத சந்தேகமாக வரலாம். இதை 'வஸ்வாஸ்' என்பார்கள். கத்தோலிக்கர்களில் சிலர் ஒரே பாவத்தைச் சொல்லி மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனம் செய்வார்கள். கடவுள் நம்பிக்கையே இல்லாதவரும் காஸை மூடினோமா என்று பத்து முறை பார்ப்பார். ஆக, இதற்குக் காரணம் மதம் அல்ல.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஆப்கானிஸ்தானின் பால்க் பகுதியைச் சேர்ந்த அறிஞர் அபூ ஸைத் அல் பல்கி, உடல்நலத்தோடு மனநலத்தையும் சேர்த்து எழுதிய நூலில் விடாமல் துரத்தும் எண்ணங்களைப் பற்றித் தனியாக விளக்கியிருக்கிறார்.

பக்தி எது, நோய் எது?

பக்தி மனசுக்கு நிம்மதி தரும். நோயில் 'போதும்' என்ற இடமே வராது. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகிறதா, வேலையும் படிப்பும் கெடுகிறதா, அதே மதத்தைச் சேர்ந்த பெரியவர்களே 'இவ்வளவு தேவையில்லை' என்கிறார்களா? அப்படியானால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

சிகிச்சை எப்படி?

முதலில், பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சி. லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் 1966-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம் போட்டது. பயம் வரும் சூழலில் இருக்க வேண்டும். ஆனால் வழக்கமாகச் செய்யும் 'பரிகாரத்தை' செய்யக் கூடாது. கொஞ்ச நேரத்தில் பயம் தானாக இறங்குவதை மூளை கற்றுக்கொள்ளும்.

இதற்காக யாரையும் பாவம் செய்யச் சொல்ல மாட்டார்கள். ஒளுவில் ஒவ்வோர் உறுப்பையும் 3 முறை கழுவினால் போதும் என்றால், மூன்றோடு நிறுத்தப் பழக்குவார்கள். கெட்ட எண்ணம் வந்தாலும் கோயிலை மறுபடி சுற்றாமல் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். மற்ற பக்தர்கள் செய்வதுதான் இங்கே அளவுகோல்.

குருக்கள், ஆலிம், பாதிரியார் இதில் பெரிய உதவி செய்யலாம். சந்தேகத்துக்கு ஒரு முறை மட்டும் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். 'ஒண்ணும் ஆகாதும்மா' என்று குடும்பத்தார் தினமும் சமாதானம் சொன்னால், அதுவே இன்னொரு பரிகாரமாக மாறி நோயை வளர்க்கும்.

ஃப்ளூஆக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸமின் போன்ற மாத்திரைகளும் உண்டு. பலன் முழுமையாகத் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். 'ரெண்டு வாரமாச்சு, ஒண்ணும் தெரியல' என்று நிறுத்திவிடக் கூடாது.

கூடவே மனச்சோர்வும் வருமா?

ஓசிடி உள்ள பலருக்கு வருகிறது. அதைச் சொல்லும் விதமும் ஊருக்கு ஊர் மாறும். நம் ஊரில் 'உடம்பு அசதி, நெஞ்சு படபடப்பு' என்பார்கள். ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா', அதாவது 'ரொம்ப யோசிப்பது'. அங்கே மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, அதே சொல்லை வைத்துப் பேசும் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து மருத்துவமனை வளாக பெஞ்சுகளில் உட்கார வைத்தார். 2016-ல் வெளியான ஆய்வில், அவர்களிடம் பேசியவர்களுக்கு வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது.

தூக்கமே இல்லாமல் அளவுகடந்த உற்சாகம், 'நான்தான் கடவுள்' என்ற பேச்சு இருந்தால் இருமுனை மனநோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையே வேறு. மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் சிலருக்கு நிலைமை மோசமாகும். அதனால் பழைய அறிகுறிகளையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கோயில், தர்காவுக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம், மாத்திரையை நிறுத்தாமல் போக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. இன்று அதே ஏர்வாடியில், பிரார்த்தனையோடு மருத்துவத்தையும் சேர்க்கும் 'தவா-துவா' திட்டம் நடக்கிறது.

எங்கே உதவி கிடைக்கும்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தற்கொலை எண்ணம் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே அழையுங்கள்.